டிசைன், ரெண்டரிங் வேலைக்கு லேப்டாப் வாங்குறீங்களா? ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க!

வீடு கட்டும் முன்பே முகப்பை 3டி படமாகப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை இப்போது தேனி, கம்பம் பக்கமும் வந்துவிட்டது. போடி ஏலக்காய்க்கும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும் லேபிள், பெட்டி டிசைன் தேவை. இந்த வேலைகளை ஊரில் இருந்தே செய்ய நினைப்பவர்களுக்கு முதல் முதலீடு லேப்டாப்தான். அவசரப்பட்டு வாங்கினால், இஎம்ஐ முடியும்வரை அதோடு மல்லுக்கட்டணும்.

எந்த சாஃப்ட்வேர்?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப்பில் வரைவது பெரும்பாலும் பிராசஸரின் ஒற்றை கோர் வேகத்தை நம்பியது. லூமியன், டி5 ரெண்டர் போன்றவை கிராபிக்ஸ் கார்டை நம்பியவை. வி-ரே, பிளெண்டரை இரண்டிலும் ஓட்டலாம். பிராசஸரில் ஓட்டினால் அதிக கோர்கள் கைகொடுக்கும். போட்டோஷாப், கோரல்டிரா மட்டும்தான் என்றால் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அந்தக் காசை ரேமிலும் திரையிலும் போடுங்க. ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே. மேக்புக் வாங்குபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஒரே பெயர், வேறு வேகம்

ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். மெலிசான மாடலில் குறைந்த வாட், தடிமனான கேமிங் மாடலில் அதிக வாட் கொடுப்பார்கள். ஸ்டிக்கர் ஒன்றுதான், ரெண்டர் நேரம் ஒன்றல்ல. தயாரிப்பாளரின் இணையதளத்தில் ‘டிஜிபி’ எத்தனை வாட் என்று பார்த்துவிடுங்கள்.

விரேம் ஏன் முக்கியம்?

கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் நினைவகம்தான் விரேம். ஒரு 4கே டெக்ஸ்சர் ஃபைலாக இருக்கும்போது சில எம்பிதான். ரெண்டர் செய்யும்போது சுருக்கம் விரிந்து சுமார் 64 எம்பி ஆகிவிடும். அப்படி 50 டெக்ஸ்சர் சேர்ந்தால் 3 ஜிபிக்கு மேல் காலி. மரம், கார், ஃபர்னிச்சர் எல்லாம் அதற்கு மேல். விரேம் நிரம்பினால் ரெண்டர் நின்றுவிடும், அல்லது ஆமை வேகத்தில் நகரும். இதைப் பின்னால் கூட்டவும் முடியாது. அதனால் 6 ஜிபியைவிட 8 ஜிபி நல்லது.

சாதாரண ரேம் 16 ஜிபி குறைந்தபட்சம், 32 ஜிபி நிம்மதி. பட்ஜெட் இடித்தால் 16 ஜிபியில் தொடங்கலாம். ஆனால் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டதா, இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க.

திரை

‘45% என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். ஏலக்காயின் பச்சை திரையில் ஒன்றாகவும் அச்சில் வேறாகவும் வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். ‘100% எஸ்ஆர்ஜிபி’ திரையாகப் பாருங்கள். அப்போதும் ஒரு மாதிரி அச்சு எடுத்துவிட்டு ஆர்டர் கொடுப்பதே பாதுகாப்பு.

கரண்ட், சர்வீஸ்

பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் வேகம் குறைந்துவிடும். கேமிங் மாடல்களின் சார்ஜர் 200 வாட்டையும் தாண்டலாம். வீட்டு இன்வர்ட்டர் தாங்குமா என்று பாருங்கள். ராத்திரி முழுக்க ஓடும் அனிமேஷனை நேரடியாக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி பிரேம்களாக எடுங்க. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டி உண்டா, இல்லை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகணுமா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

காசு கட்டும் முன் ஒரு சோதனை

இப்போது இருக்கும் கணினியில், அல்லது நண்பருடையதில், உங்களின் கனமான ஃபைலைத் திறந்து ரெண்டர் கொடுங்க. கூடவே டாஸ்க் மேனேஜரைப் பாருங்க. பிராசஸர், ரேம், விரேம் மூன்றில் எது முதலில் நிரம்புகிறதோ, பட்ஜெட்டில் முதல் பங்கு அதற்கு.