நிதானக்காரர்களின் வேலை – 9: ஒரே ஒரு பவுண்டு

பயந்தவர் வேறு, முன்னெச்சரிக்கையானவர் வேறு. முதல் வாரத்திலிருந்து இதையே சொல்லிவருகிறேன், மறுபடி விளக்கப் போவதில்லை. போன வாரம் ரத்த வங்கி. இந்த வாரம், காப்பீட்டின் எதிர்காலக் கணக்கைப் போடும் ஆக்சுவரி. இந்தியாவில் ஆக்சுவரி ஆவது எப்படி என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 1740-களின் ஸ்காட்லாந்து என்னை விடவில்லை.

அங்கே திருச்சபைப் போதகர் ஒருவர் இறந்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்தது அரை ஆண்டுச் சம்பளம். குடியிருந்த வீடு சபையுடையது. அடுத்து வருபவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கு வழி தேடியவர்கள் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள். வசூல் செய்து பகிர்ந்து கொடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எந்தப் போதகர் எப்போது இறப்பார் என்று யாருக்கும் தெரியாது. மொத்தப் பேரில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். வெப்ஸ்டர் நாடு முழுக்கச் சபைகளுக்குக் கடிதம் போட்டுக் கணக்குத் திரட்டினார். எந்தக் காலத்திலும் சுமார் 930 போதகர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 27 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 18 பேருடைய மனைவியர் உயிரோடு இருக்கிறார்கள். அந்த விதவைகள் எத்தனை காலம் வாழ்வார்கள் என்பதற்கு, ப்ரெஸ்லாவ் நகரத்து இறப்புக் கணக்கை வைத்து எட்மண்ட் ஹாலி 1693-ல் போட்ட அட்டவணை உதவியது. ஆம், வால்நட்சத்திரத்து ஹாலியேதான்.

கணக்கைச் சரிபார்த்தவர் எடின்பரோவின் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மெக்லாரின் தொடர் நினைவிருக்கும். 19 வயதில் பேராசிரியர் ஆனவர். 1745-ல் கிளர்ச்சிப் படை எடின்பரோவை நோக்கி வந்தபோது, நகரின் தற்காப்பு வேலைகளை முன்னின்று நடத்தினார். நகரம் வீழ்ந்தது. அவர் தப்பி யார்க் போனார், அடுத்த ஆண்டே இறந்தார். நிதானக்காரர் என்றால் ஆபத்து வரும்போது ஒதுங்கி நிற்பவர் என்று நினைப்பவர்கள் இவரைப் பற்றிப் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துப் போதகர் குடும்பங்களுக்கான நிதியம் 1744-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டியவர் இறந்தால் அவர் மனைவிக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. கூடுதலாகக் கட்டினால் 25 பவுண்டு வரை. 1765-ல் கையிருப்பு 58,348 பவுண்டு இருக்கும் என்று கணித்திருந்தார்கள். அந்த ஆண்டு இருந்தது 58,347.

ஒரு பவுண்டு! அதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். ஆனாலும் இருபது ஆண்டு கழித்து வரப்போகும் தொகையை எழுதி வைத்து, பிறகு நிஜத்தோடு ஒப்பிடும் அந்தத் துணிவுதான் இந்தத் தொழிலின் உயிர். இன்றைக்கும் ஆக்சுவரியின் அன்றாட வேலை அதுவே. இத்தனை பேர் இறப்பார்கள், இத்தனை பேர் பாலிசியைப் பாதியில் விடுவார்கள் என்று அனுமானித்து பிரீமியத்தையும் கையிருப்பையும் தீர்மானிப்பது, அனுமானமும் நடப்பும் எங்கே விலகின, ஏன் விலகின என்று துருவுவது, திருத்துவது, மறுபடி கணிப்பது. “அப்படி நடக்காமல் போனால்?” என்று கூட்டத்தில் கேட்பவரைப் பல அலுவலகங்கள் முட்டுக்கட்டை என்கின்றன. இங்கே அந்தக் கேள்விக்குத்தான் சம்பளம்.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு 2006-ல் தனிச் சட்டமே வந்தது. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் நியமன ஆக்சுவரி ஒருவர் இருந்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா’ நடத்தும் ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதலாம். அதன் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தாள்கள். பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரே தாளை இரண்டு மூன்று முறை எழுதுவதும் சகஜம். கணிதத்தில், முக்கியமாக நிகழ்தகவில், ஆசை இல்லாதவர்களை வீட்டார் இதற்குள் தள்ள வேண்டாம்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது எப்படி, எந்தத் தாளை முதலில் எழுதலாம் என்பதெல்லாம் இந்த வாரத்துக்கென்று வைத்திருந்தவை. ஸ்காட்லாந்து இடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன். விமான விபத்து விசாரணை அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)