கரண்ட் இல்லாதபோது கம்ப்யூட்டர்: ஜெனரேட்டரில் கவனம் தேவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. கோடியக்கரையை ஒட்டிய ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. குடிநீர்த் தொட்டி நிரப்பவும் செல்போன் சார்ஜ் செய்யவும் டீசல் ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது. அதில் உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் வயரைச் சுவரில் உள்ள பிளக் பாயிண்ட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. அந்தக் கரண்ட் மெயின் வழியே தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பம் ஏறிய லைன்மேனின் உயிர் போய்விடும். எலக்ட்ரீஷியனை அழைத்து சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் பொருத்துங்கள். எர்த்தும் அவசியம்.

திண்ணையிலோ அறையிலோ ஜெனரேட்டரை வைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் எழுந்திருக்கமாட்டார். ஜன்னலிலிருந்து தள்ளி, மழை படாத திறந்தவெளியில் வையுங்கள்.

ஆயில் அளவைப் பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடங்கள் ஓடியபின் லோடு கொடுங்கள். தண்ணீர் மோட்டார் ஆன் ஆகும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும். எனவே முதலில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி நிறுத்திவிடுங்கள், பிறகு யு.பி.எஸ். வழியாகக் கம்ப்யூட்டரை இணையுங்கள். முடிக்கும்போது முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யுங்கள், அடுத்து ஜெனரேட்டரை நிறுத்துங்கள். எஞ்சின் ஆறிய பிறகே டீசல் ஊற்றுங்கள்.