செக்கிங் டேபிளுக்கு வராத மலைவீடு

பனியன் கம்பெனிக்குள் போய் வந்தவர்களுக்குச் செக்கிங் டேபிள் தெரியும். தைத்து முடிந்த ஒவ்வொரு பீஸும் அங்கே விரிக்கப்படும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் பீஸ் ஒதுக்கப்படும். அயர்னிங், பேக்கிங் எல்லாம் முடிந்த பிறகும் பையரின் ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார். தைத்தவர் சொல்லை மட்டும் நம்பி சரக்கு தூத்துக்குடிக்குப் போவதில்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சம்பாதித்த திருப்பூர்க்காரர்களுக்கு மலையில் ஒரு வீடு என்பது நெடுநாள் ஆசை. சித்திரை வெயிலில் காய்ந்தவர்களுக்கு அந்த ஆசை நியாயமானது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் என்று விளம்பரங்கள் வருகின்றன. பால்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு தெரியும் என்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் வரைபடத்தை யார் விரித்துப் பார்த்தார்கள், எதையெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

மலேசியாவில் கோலாலம்பூரை ஒட்டிய உலு கிளாங் பகுதியில் ‘ஹைலேண்ட் டவர்ஸ்’ என்று ஒரு குடியிருப்பு இருந்தது. 12 மாடிகளில் மூன்று கட்டடங்கள், வசதியான குடும்பங்கள், பின்னால் பச்சை மலை. அந்த மலையிலிருந்து இறங்கிய ஓடையைக் குழாய்க்குள் விட்டுத் திருப்பியிருந்தார்கள். சரிவை வெட்டித் தட்டுத் தட்டாக்கித் தடுப்புச் சுவர்கள் எழுப்பியிருந்தார்கள். பிறகு மேலே இருந்த நிலத்தில் வேறொரு வீட்டுமனைத் திட்டத்துக்காகக் காட்டை அழித்தார்கள். அங்கே மண்ணைப் பிடித்து வைக்க எதுவும் மிஞ்சவில்லை. 1993 டிசம்பர் 11 அன்று, பல நாள் மழைக்குப் பிறகு, தடுப்புச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. சேறாகி இறங்கிய மண் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே போடப்பட்ட அடித்தளம் அது; பக்கத்திலிருந்து வரும் தள்ளலுக்கு அது தயாராக இல்லை. முதல் கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள்.

விழாத இரண்டு கட்டடங்களிலும் அதன்பின் யாரும் குடியேறவில்லை. வழக்கு நடந்தது. கட்டியவர், பொறியாளர், பக்கத்து நில உரிமையாளர்கள் ஆகியோரோடு உள்ளாட்சி மன்றத்துக்கும் பொறுப்பு உண்டு என்று 2000இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2006இல் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் தரும் பாதுகாப்பைக் காட்டி உள்ளாட்சி மன்றத்தை விடுவித்தது. வரைபடத்தில் முத்திரை வைக்க அதிகாரம் உண்டு, அது பிழையாகப் போனால் பொறுப்பு இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

நம் மலைகளுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்ட வேண்டுமானால் வனம், புவியியல் சுரங்கம், வேளாண் பொறியியல் என்று பல துறைகளின் கருத்து வேண்டும். 1993இல் வந்த மலைவாழிடக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டரோடு நிறுத்தின. நல்ல விதிகள்தான். அவற்றுக்கு வந்த முதல் பெரிய சோதனை கொடைக்கானலில்.

‘பிளசன்ட் ஸ்டே’ ஹோட்டலுக்கு அனுமதி இரண்டு தளங்களுக்கு. எழுந்தவை ஏழு. மீறலுக்கு 1994இல் அரசே விதிவிலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் நீதிமன்றம் போனார்கள். விதிவிலக்கு செல்லாது, கூடுதல் தளங்கள் இருக்கக் கூடாது என்று முடிவாகி, 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதையொட்டிய ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று விதிவிலக்கு தந்தபோது முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனை அறிவித்த அன்றே தர்மபுரியில் அவர் கட்சியினர் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். சுற்றுலா போயிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் அதில் கருகினார்கள். மலைமேல் ஒரு கட்டடத்துக்குக் காட்டிய சலுகை எங்கெங்கோ போய் முடிந்தது.

மலைச்சரிவு என்பது கல்லும் மண்ணும் நீரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஏற்பாடு. நீலகிரியில் பாறைமேல் கனமான செம்மண் போர்த்தியிருக்கிறது. அடியை வெட்டினால் மேலே இருப்பதற்குப் பிடிப்பு போகும். ஓடையை மூடினால் நீர் மண்ணுக்குள் இறங்கி அதைக் கனக்கச் செய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில், மலையடி வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

இந்த நிலையில் ஒரு மனையை மட்டும் அளந்து அனுமதி தருவது போதாது. வனத்துறை மரத்தைப் பார்க்கிறது, புவியியல் துறை பாறையைப் பார்க்கிறது. மேல்மனையில் நாளை என்ன வரும், கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று சரிவு முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்க ஆள் வேண்டும். மண் பரிசோதனை அறிக்கையைக் கட்டுபவரின் பணத்தில் கட்டுபவரின் ஆளே தருவதும் சரியல்ல. ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று போ ஷான் சாலைச் சரிவில் ஒரு அடுக்குமாடி விழுந்து 67 பேர் இறந்தார்கள். 1977இல் அந்த அரசு சரிவுகளைக் கவனிக்கவே தனி அலுவலகம் திறந்தது. இன்று வெட்டியும் கொட்டியும் உண்டான சுமார் 60,000 சரிவுகள் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

முதலில் கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதன் விலை திருப்பூருக்குத் தெரியும். சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தில் கழிவுநீர் எங்கே போகும் என்று உரிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை. நொய்யலில் சாயநீர் ஓடியது, ஒரத்துப்பாளையம் அணை அதைத் தேக்கியது, கீழே இருந்த வயல்கள் உப்புப் பூத்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொல்லி 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களை நாம் பார்த்தோம். அதன்பின் கழிவே வெளியேறாத சுத்திகரிப்புக்கு மாறிப் பட்டறைகள் மீண்டும் ஓடின. சரிந்த மலையைத் திரும்ப ஓட்ட முடியாது.

மலையில் வீடு வாங்க நினைக்கும் திருப்பூர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். குழும அனுமதியையும் மண் அறிக்கையையும் கையில் வாங்கி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். காகிதம் காட்டத் தயங்குகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.