உர மூட்டை கட்டி தட்டுவது ஏன்?

ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்ததும், சம்பாப் பயிருக்கு மேலுரம் இடலாம் என்று மூட்டையைப் பிரித்தால், உள்ளே யூரியா கல்லைப்போல் இறுகிக் கிடக்கிறது. "கூரையும் ஒழுகவில்லை, மூட்டையும் நனையவில்லை, பழைய சரக்கை நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று விவசாயிகள் மனம் வருந்துகின்றனர். ஒரு சில இடங்களில் அக்குறை உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், நாம் கிராமங்களில் பார்த்தவரையில், பெரும்பாலான மூட்டைகள் வீடு வந்து சேர்ந்த பிறகே இறுகியிருக்கின்றன.

மழைக்காலத்தில் அடுப்படியிலுள்ள உப்புச் சாடி நீர் விடுவதையும், வெல்லம் கசிவதையும் நாம் அறிவோம். நீரில் எளிதிற் கரையும் உரங்களின் இயல்பும் அதுவே. காற்றிலுள்ள ஈரம் ஓர் எல்லையைத் தாண்டியதும் உரம் அதனை உறிஞ்சத் தொடங்குகிறது. யூரியாவுக்கு அவ்வெல்லை, நம் நாட்டு வெப்பநிலையில், ஏறத்தாழ 70 முதல் 75 சதவிகித ஈரப்பதமாகும். மழைக்கால விடியற்காலைகளில் நம் கடலோர மாவட்டங்களில் ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கும் மேலே செல்வது வழக்கம். ஆகவே, ஒரு துளி மழையும் படாமலே மூட்டை ஈரம் குடிக்க முடியும்.

ஈரம் மட்டும் இருந்தால் உரம் பிசுபிசுக்குமேயன்றி அவ்வளவாக இறுகாது. இரவில் ஒவ்வொரு குருணையின் மேற்புறமும் சிறிதே கரைகிறது. பகலில் காற்று உலர்ந்ததும், கரைந்த பகுதி மீண்டும் உறைந்து, அடுத்த குருணையையும் பற்றிக்கொள்கிறது. செங்கற்களுக்கிடையே சாந்து வைப்பதற்கு இது ஒப்பாகும். நாள்தோறும் இவ்வாறு நனைந்தும் உலர்ந்தும் வந்தால், மேல் மூட்டைகளின் பாரமும் சேர்ந்து, அடி மூட்டை முதலில் கட்டியாகிவிடுகிறது.

நெல்லுக்குக் காற்றோட்டம் தேவை என்னும் பழக்கத்தால், உரம் வைத்த அறையின் சன்னலையும் நாம் திறந்தே வைத்துவிடுகிறோம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. இரவிலும் மழை நாட்களிலும் அவ்வறை மூடியே இருக்க வேண்டும். வெயில் நன்றாகக் காயும் நண்பகலில் மட்டும் திறக்கலாம். மூட்டைகளை வெறுந்தரையில் வைக்கலாகாது. பலகைக்கு வசதியில்லாதவர்கள் செங்கற்களின் மேல் மூங்கிலைப் பரப்பி, அதன்மேல் அடுக்கலாம். சுவரிலிருந்து ஓரடி விலகியிருப்பது நலம். வீட்டில் ஐந்தாறு மூட்டை உயரத்துக்கு மேல் அடுக்குவதை நாம் விரும்புவதில்லை. மூட்டையைக் கொக்கி போட்டுத் தூக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். உள்ளுறையில் விழும் சிறு துளையே ஈரத்துக்குப் போதிய வாசலாகும். பாதி எடுத்த மூட்டையின் வாயை இறுகக் கட்டி வைக்க வேண்டும்.

யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் முன்கூட்டியே கலந்து வைப்பது கூடவே கூடாது. சூப்பரில் அடங்கியுள்ள நீர் விடுபட்டு, கலவை முழுவதும் சேறாகிவிடும். யூரியாவும் பொட்டாஷும் கலந்தால், தனித்தனியே இருப்பதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும்; அவற்றை இடும் நாளில்தான் கலக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்பது விதி. மண்ணில் தழைச்சத்து விரைந்து வீணாகாதிருக்கவே அப்பூச்சு. அதை நம்பி மூட்டையை அசட்டையாகப் போட்டுவிடலாகாது.

தட்டுப்பாடு வந்துவிடுமோ என்று அஞ்சி, ஆடியிலேயே வாங்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களை நாம் குறை கூறமாட்டோம். தக்க நேரத்தில் சரக்குக் கிடைக்கும் என்ற உறுதியிருந்தால் எவரும் நான்கு மாதம் உரத்தைக் காவல் காக்கமாட்டார்கள். ஊராட்சி உறுப்பினர்கள் மழைக்கு முன்பே சங்கக் கிடங்கின் கூரையையும் தரையையும் பார்வையிட்டு, முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேறுகிறதா என்று கேட்பது அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவியாகும்.

இறுகிய உரத்தை எறிந்துவிட வேண்டாம். நீர் வடிந்து வெளியேறாதவரை, 45 கிலோ யூரியா மூட்டையிலுள்ள 20.7 கிலோ தழைச்சத்து அப்படியேதான் இருக்கும். ஆனால் கட்டியாகவே வயலில் வீசினால், விழுந்த இடத்தில் பயிர் கருகும். மற்ற இடம் வெளுத்து நிற்கும். மரக் கொட்டாப்புளியால் தட்டி, சல்லடையிற் சலித்து, அன்றைக்கே இட்டுவிட வேண்டும். தட்டும் இடம் மாட்டுத் தொழுவத்துக்கு அருகில் இருத்தலாகாது. சிதறிய யூரியாவை உப்பென்று நக்கியும், சாக்கு அலசிய நீரைக் குடித்தும் மாடுகள் சில மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும். சிந்தியதை உடனே கூட்டி அள்ளி, வயலில் சேர்த்துவிட வேண்டும்.