எரிபொருள் குறைந்தது, வேகம் குறையவில்லை

2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, கோவை நரேன் கார்த்திகேயன் ஓட்டுவதைக் காண மகனுடன் சென்றிருந்தேன். 2.4 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்களின் இரைச்சலில் காது அடைத்துப்போயிற்று.

2014-இல் விதி மாறியது. 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். பந்தயம் முழுமைக்கும் 100 கிலோ எரிபொருள் மட்டுமே. "இனி எங்கே வேகம்?" என்றேன்.

மகன் ஒப்புக்கொள்ளவில்லை. "பிரேக் பிடிக்கையிலும் புகையோடும் வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சக்கரத்துக்கே திருப்புகிறார்கள் அப்பா. விதியை முதலில் புரிந்துகொண்டவன் ஜெயிப்பான்" என்றான்.

அந்த ஆண்டு 19 பந்தயங்களில் 16-ஐ மெர்சிடிஸ் வென்றது. 2018-இல் இத்தாலியின் மோன்ஸாவில், மூன்று லிட்டர் எஞ்சின் 2004-இல் படைத்த சுற்றுவேக சாதனையும் உடைந்தது: சராசரி மணிக்கு 263 கிலோமீட்டருக்கும் மேல்! அகன்ற டயர்களும் உதவின.

சம்பளம் போதாத மாதத்திலும் விருந்தினருக்குக் குறை வைக்காத நம் இல்லத்தரசிகளுக்கு இதில் வியப்பிருக்காது.