நோன்பு மாதமும் நெஞ்சுக் குளிசையும்

கல்முனைக் கரையில் ரமழான் பிறை தென்பட்டதும், கிளினிக்கில் தந்த அட்டெனொலோல் போன்ற பீட்டா தடுப்புக் குளிசையை நோன்பு முடியும்வரை நிறுத்தலாமென எவரேனும் எண்ணுவாராயின், அது மிக அபாயகரமான எண்ணமாகும். 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்கொத்லாந்து விஞ்ஞானி உருவாக்கிய புரொப்ரனலோலின் வழிவந்த இம்மருந்துகள், அட்ரினலினின் தூண்டுதலை மறித்து இருதயத் துடிப்பைச் சாந்தப்படுத்துவன. நெடுநாள் மறிக்கப்பட்ட இருதயமோ அத்தூண்டுதலுக்கு முன்னிலும் அதிகமாகக் கூருணர்வு பெற்றிருக்குமாதலால், குளிசையைச் சடுதியாக நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும், மாரடைப்புங்கூட நேரலாம். தினம் ஒருமுறை உட்கொள்ளும் குளிசையை ஸஹருக்கோ நோன்பு திறந்த பின்னரோ மாற்றிக்கொள்ளுதல் பெரும்பாலும் சாத்தியமே. அதை ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். முட்டு வருத்தமுள்ளோர் அதனை அவரிடம் மறைக்கலாகாது. சீனி வருத்தத்துக்கும் மருந்தெடுப்போர், சீனி குறைகையில் எழும் படபடப்பை இக்குளிசை மறைத்துவிடக்கூடுமாதலால், திடீர் வியர்வையையே எச்சரிக்கையாகக் கொண்டு உடனே பரிசோதித்து, குறைந்திருப்பின் நோன்பை விட்டுவிட வேண்டும்.