டைல்ஸை மாத்தலாம், தெருவை மாத்த முடியுமா? சென்னைப் புறநகரில் வீடு வாங்கும்முன், விற்கும்முன் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை. வாடகை வீட்டில் இருக்கும் ஒரு கணவன் மனைவி, மூணு வயசுக் குழந்தையோடு சென்னைப் புறநகரில் ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட் பார்க்கப் போகிறார்கள். ஹால் பெருசு. கிச்சனில் நல்ல வெளிச்சம். பால்கனியில் காத்து அள்ளுது. ‘‘பக்கத்துலயே ஸ்கூல் சார், தண்ணிப் பிரச்னையே கிடையாது, ஸ்டேஷன் பத்து நிமிஷம்தான்’’ என்கிறார் புரோக்கர். சாயங்காலமே அட்வான்ஸ் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

சென்னையில் வாராவாரம் நடக்கும் கதைதான் இது. ஆனால் புரோக்கர் சொன்ன அந்த மூணு விஷயத்தையும் யாராவது சரிபார்த்தார்களா? பத்திரத்தை வக்கீலிடம் காட்டுபவர்கள்கூட, தெருவைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதில்லை. வீட்டுக்குள் பிடிக்காத டைல்ஸை மாத்தலாம், பெயின்ட்டை மாத்தலாம். ஆனால் 20 வருஷம் இ.எம்.ஐ. கட்டப்போகும் வீட்டின் தெருவை மாத்த முடியாது.

சரி, என்னவெல்லாம் பார்க்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பக்கத்துல ஸ்கூல்னா, எவ்வளவு பக்கம்?

சில வெளிநாடுகளில் வீடு இருக்கும் பகுதியை வைத்துத்தான் அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கும். நம் ஊரில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் வீட்டு முகவரி ரொம்ப முக்கியம். அதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு.

2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு விண்ணப்பிக்க, வீட்டில் இருந்து பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது நலிவடைந்த பிரிவுக்கான நிபந்தனை.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘பக்கத்துல’ என்று சொல்லப்பட்ட பள்ளி 1.4 கிலோமீட்டரில் இருந்தால், இந்த வாய்ப்பு கைவிட்டுப் போகலாம். அந்தப் பள்ளி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் 25 சதவீத விதியே பொருந்தாது. புது முகவரிக்கு ஆதாரமும் கையில் இருக்கணும். விண்ணப்பிக்கும் காலமும் ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2025-26 கல்வியாண்டில் அக்டோபர் மாதம்தான் சேர்க்கை நடைமுறையே தொடங்கியது.

ஒதுக்கீடு தேவையில்லாத குடும்பங்களும் சில விஷயங்களைப் பார்க்கணும். அந்தப் பள்ளி எந்த வகுப்பு வரை இருக்கு? அஞ்சாம் வகுப்போடு முடிந்துவிட்டால், ஆறாம் வகுப்புக்கு எங்கே போவது? அங்கீகாரம் நடப்பில் இருக்கா? மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா? நேரில் போய்க் கேளுங்கள். குழந்தை நடந்துபோகும் வழியில் ஜி.எஸ்.டி. சாலை மாதிரி பெரிய ரோட்டைக் கடக்கணுமா என்பதையும் பாருங்கள். மேப்பில் 600 மீட்டர் என்று காட்டும். நடுவில் ரயில் தண்டவாளம் இருந்தால் சுத்திக்கிட்டு 2 கிலோமீட்டர் போகணும்.

தண்ணி எங்கிருந்து வருது? கழிவுநீர் எங்கே போகுது?

2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2021ல் தாம்பரம் தனி மாநகராட்சி ஆனது. ஆனால் போர்டில் ‘மாநகராட்சி’ என்று எழுதிவிட்டால் மட்டும் தெருவுக்குள் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வந்துவிடாது. புறநகரின் பல அடுக்குமாடிகள் இன்னமும் போர்வெல்லையும் லாரித் தண்ணியையும் நம்பித்தான் ஓடுகின்றன.

‘‘தண்ணி வருதா?’’ என்று கேட்டால் ‘‘வருது’’ என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாத்திக் கேளுங்கள். ‘‘ஏப்ரல், மே மாசத்துல எத்தனை லாரி வாங்கினீங்க? போன வருஷ மெயின்டனன்ஸ் கணக்கைக் காட்ட முடியுமா?’’

ஒரு வீட்டுக்கு லாரித் தண்ணிச் செலவு மாசம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 18,000 ரூபாய். விலை ஏறாமலே இருந்தாலும் 20 வருஷத்தில் 3,60,000 ரூபாய். வீட்டு விலையில் ரெண்டு லட்சம் குறைத்து வாங்கியதாகச் சந்தோஷப்பட்டவர், கணக்குப் போட்டால் நஷ்டத்தில்தான் இருப்பார்.

போர்வெல் தண்ணியை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிப்பதும் நல்லது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் குடிக்க ஆகாது.

அடுத்து கழிவுநீர். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கா, சுத்திகரிப்பு நிலையம் இருக்கா, அது நிஜமாவே ஓடுதா, இல்லை லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகுதா? வாரத்துக்கு எத்தனை லாரி என்பதை வாட்ச்மேனிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

மார்ச்சில் பார்த்த வீடு, டிசம்பரில் எப்படி இருக்கும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வெயில் காலத்தில் பார்க்கும்போது இந்தத் தெருக்கள் மற்ற தெருக்கள் மாதிரிதான் இருக்கும்.

இதைச் சரிபார்க்க மூணு வழி இருக்கு.

முதலில், அந்தத் தெருவின் மளிகைக் கடையிலும் இஸ்திரி கடையிலும் ‘2015ல எவ்வளவு உயரம் தண்ணி வந்துச்சு, 2023ல வந்துச்சா?’ என்று கேளுங்கள். விற்பனையில் லாபம் இல்லாதவர்கள் சொல்லும் பதில் நம்பகமானது.

ரெண்டாவது, அரசின் இ-சேவை தளத்தில் பட்டா, புலப்படம், அ-பதிவேடு பாருங்கள். சர்வே எண்ணைப் போட்டால் நிலத்தின் வகைப்பாடு தெரியும். பக்கத்து சர்வே எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று வந்தால் உஷார்.

மூணாவது, சதுப்பு நிலம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். இதன் எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள், இப்போதைய நிலை என்ன என்பதை சி.எம்.டி.ஏ.விடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுப்பது பாதுகாப்பு.

‘வரப்போகுது’ வேற, ‘வந்தாச்சு’ வேற

‘‘மெட்ரோ வரப்போகுது, ரேட் டபுள் ஆகும்’’ என்பது எல்லா விளம்பரத்திலும் இருக்கும் வாசகம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 30ம் தேதி அது திறக்கப்படுவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அதைச் சொல்லி மனை விற்றார்கள். நம்பி முன்கூட்டியே வாங்கிக் குடிவந்தவர்கள் அத்தனை வருஷமும் பழைய பஸ்ஸில்தான் போனார்கள்.

அதனால் இன்றைக்கு இருக்கும் வசதிக்கு மட்டும் விலை கொடுங்கள். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அந்த வீட்டு வாசலில் இருந்து உங்கள் ஆபீஸுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ராத்திரி 9 மணிக்கு மெயின் ரோட்டில் இருந்து வீட்டுக்கு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரியுதா, ஷேர் ஆட்டோ கிடைக்குதா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது அப்போது புரியும்.

பேப்பரில் என்ன பார்க்கணும்?

* புதிய திட்டம் என்றால் ரெரா பதிவு எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம்.
* ரெரா சட்டப்படி, வாங்குபவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்கணும். சாவி கொடுத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், பில்டர் தன் செலவில் சரிசெய்யணும்.
* குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ். பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவு செய்யாத உயிலோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ அதில் வராமல் போகலாம். அதனால் வக்கீல் கருத்து அவசியம்.
* சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி வரைபடம். வரைபடத்தில் 3 மாடி, நேரில் 4 மாடி என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.
* பெரிய அடுக்குமாடி என்றால் பணி நிறைவுச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மின்சாரம், குடிநீர் இணைப்பில் சிக்கல் வரும்.
* யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி? கட்டடம் பழசாகி இடிக்கும் நாளில் கையில் நிற்பது இதுதான்.

பத்திரச் செலவு எவ்வளவு?

பழைய வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம். பில்டரிடம் முதல்முறையாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பரில் இருந்து சலுகை இருக்கு. மதிப்பு 50 லட்சம் வரை என்றால் மொத்தம் 6 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம்.

48 லட்சம் மதிப்புள்ள வீடு என்றால், புது ஃப்ளாட்டுக்கு 2,88,000 ரூபாய், பழைய வீட்டுக்கு 4,32,000 ரூபாய். வித்தியாசம் மட்டும் 1,44,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டணும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதியே வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கைமாற வேண்டாம்.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு

‘‘வாங்குறவர்தானே பார்க்கணும், நான் எதுக்குச் சொல்லணும்?’’ என்று நினைத்தால் தப்பு. 1882ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55வது பிரிவு, சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. விற்பனைத் தேதி வரையிலான அரசு வரிகளும் விற்பவர் பொறுப்பு.

அதனால் தாய்ப் பத்திரம், பட்டா, சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீது, அசோசியேஷன் பாக்கி இல்லைச் சான்று எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். லாரித் தண்ணி கணக்கையும் மறைக்காதீர்கள். ‘2023ல கார் பார்க்கிங் வரைக்கும் தண்ணி வந்துச்சு, அப்புறம் மோட்டார் போட்டோம்’ என்று முதல் நாளே சொல்பவரிடம் பேரம் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் ஒப்பந்தம் பாதியில் முறியாது, கோர்ட் வாசலும் ஏறவேண்டி வராது.

அட்வான்ஸுக்கு முன் மூணு விசிட்

ஒண்ணு, வேலை நாள் காலையில். இன்னொண்ணு, ராத்திரியில். மூணாவது, நல்ல மழை பெய்த மறுநாள். மழைக்காலம் தூரத்தில் இருந்தால், அந்த மூணாவது விசிட்டை மளிகைக் கடைக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

‘‘இன்னிக்கே டோக்கன் போடலைன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க’’ என்று சொன்னால், போகட்டும் என்று விடுங்கள். ஒரு வாரம் பொறுத்தால் கைவிட்டுப் போகிற வீடுகள் சில இருக்கலாம். ஒரு வாரம் பொறுக்காததால் 20 வருஷம் கஷ்டப்படும் குடும்பங்கள் அதைவிட அதிகம்.